கோரைக்குட்டையின் புதுக் காவல்காரி

கோரைக்குட்டையில் மான்கள் தலை குனிந்து தண்ணீர் குடிக்கின்றன என்றால், மேலே நாவல் மரத்தில் ஒரு மந்தி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மந்தி இல்லாவிட்டால், நாக்கு வறண்டு போனாலும் ஒரு மான்கூடக் குட்டையில் இறங்காது. அந்தக் காட்டு வழக்கம் அப்படி.

மந்திக்குக் கண். மானுக்கு மூக்கு. மேலே இருந்து மந்தி பார்க்கும். கீழே கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மான் நின்று காற்றை மோந்துகொண்டே இருக்கும். சிறுத்தையைக் கண்டால் மந்தி "கெக்! கெக்! கெக்!" என்று கத்தும். அவ்வளவுதான், மான் கூட்டம் பிய்த்துக்கொண்டு ஓடும். பதிலுக்கு, மந்திகள் தரையில் இறங்கிப் பழம் பொறுக்கும்போது மான்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு காவல் நிற்கும். நீ எனக்கு, நான் உனக்கு. யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை.

அந்த நாவல் மரத்துக்குப் புதிதாகக் காவல் வேலைக்கு வந்தாள் கூர்விழி.

கூர்விழி லேசுப்பட்ட பிள்ளை இல்லை. ஆலமரத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு பருவமும் அவள்தான் முதல்! வாத்தியார் மந்தி ஒரு ரோமத்தை எடுத்துக் காட்டுவார். "இது என்ன?" என்பார்.

"சிறுத்தை ரோமம், ஐயா!"

ஈர மண்ணில் ஒரு தடத்தைக் காட்டுவார். "இது?"

"கழுதைப்புலி, ஐயா! இடது பின்னங்கால்!"

"சபாஷ்!"

தப்பாகச் சொன்ன பிள்ளைகளுக்கு ஒரு தண்டனை உண்டு. முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கும் கிளையில் போய் உட்கார வேண்டும். ஒரு தப்புக்கு ஒரு நாழிகை. பிள்ளைகள் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். கூர்விழி ஒரு தடவைகூட அந்தக் கிளையில் உட்கார்ந்ததில்லை. அதில் அவள் அம்மாவுக்குப் பெருமை தாங்காது. பக்கத்து மரம், எதிர் மரம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மரம் என்று போகிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மான்கள் வந்தன, குடித்தன, போயின. "அட, இவ்வளவுதானா வேலை!" என்று நினைத்துக்கொண்டாள் கூர்விழி.

இவ்வளவுதான் என்று நினைக்கும்போதுதானே ஆரம்பிக்கும்!

குட்டைக்கு எதிர்க்கரையில், ஆள் உயரத்துக்கு வளர்ந்த கோரைப்புல்லுக்குள் ஒரு சிறுத்தை இருந்தது. பெயர் பதுங்கன். இரண்டு மாதமாக அதற்குச் சரியான சாப்பாடு இல்லை. பழைய காவல்காரன் இருந்த வரைக்கும் அதன் வாலைக்கூட உள்ளே விட முடியவில்லை. இப்போது மரத்தில் ஒரு புது முகம். பதுங்கன் மீசையை நக்கிக்கொண்டது.

"பள்ளிக்கூடத்திலிருந்து நேரா வந்திருக்கு. முதல் ரேங்க் பிள்ளையாம்! அது இன்னும் நல்லது. முதல் ரேங்க் பிள்ளைக்குத் தப்பு பண்ணிப் பழக்கமே இருக்காது. மூணு தடவை தப்பு பண்ண வெச்சா போதும், நாலாம் தடவை அதுவே வாயை மூடிக்கும்!"

எப்பேர்ப்பட்ட கெட்ட புத்தி பாருங்கள்! அதை மறுநாளே ஆரம்பித்தும் விட்டது.

இரண்டாம் நாள், மான்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது பதுங்கன் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டு, வால் நுனியால் கோரையை லேசாக ஆட்டியது. கூர்விழி பார்த்தாள். "கெக்! கெக்! கெக்!"

மான்கள் ஓட்டமாக ஓடின. கால் நாழிகை கழித்து மெதுவாகத் திரும்பி வந்து பார்த்தால், கோரையில் ஒன்றுமில்லை. பதுங்கன் எப்போதோ நழுவிவிட்டது.

மான்களின் தலைவன் கவைக்கொம்பன் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. "ஏ பிள்ளை! எங்கே சிறுத்தை?"

"புல் ஆடுச்சு, தலைவரே."

"புல்லுன்னா ஆடத்தான் செய்யும்! மோப்பி, உனக்கு ஏதாவது வாசம் வந்துதா?"

மோப்பி என்பது கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் மோப்பக்கார மான். அவளும் அதே வாரம் வேலைக்குச் சேர்ந்தவள்தான். காற்று எதிர்ப்பக்கம் வீசும்போது அவளுக்கு எங்கே வாசம் வரும்? "ஒண்ணும் வரலை, தலைவரே" என்றாள். உள்ளதைத்தான் சொன்னாள்.

மூன்றாம் நாளும் அதே கதை. நான்காம் நாளும் அதே கதை. அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் தாழை என்ற பெண்மானுக்கு முழங்காலில் முள் கிழித்துவிட்டது. அவளுடைய குட்டி எள்ளு, பிறந்து இருபது நாள்கூட ஆகாதது, அம்மாவைக் காணாமல் புதருக்குள் நின்று "மே... மே..." என்று அழுதது.

கவைக்கொம்பனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம்! என்ன படிச்சியோ! ஏட்டுச் சுரைக்காய்! பழைய ஆள் இருந்தப்போ நாங்க வயிறு நிறையக் குடிப்போம். இப்போ ஒரு வாய் குடிக்கிறதுக்குள்ள காத தூரம் ஓட வேண்டியிருக்கு!"

எல்லா மான்களும் அண்ணாந்து பார்த்தன. முப்பது ஜோடிக் கண்கள்! அன்றைக்குத்தான் கூர்விழிக்கு முசுறுக் கிளை என்றால் என்ன என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கிளையாவது ஒரு நாழிகைக்கு. இது நாள் பூராவும் கடித்தது.

ஐந்தாம் நாள் விடிந்தது. கொழுந்து இலையை அவள் தொடவே இல்லை. உள்ளங்கை வேர்த்துக் கிளை வழுக்கியது. புல் ஆடியது. சொல்லலாமா? வேண்டாமா? போன தடவையும் இப்படித்தானே ஆடியது! பள்ளிக்கூடத்தில் ரோமத்தைக் காட்டினார்கள், தடத்தைக் காட்டினார்கள். ஆடுகிற புல்லை யாரும் காட்டவில்லையே! புல்லுக்குள் சிறுத்தையும் இருக்கலாம், தவளையும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இதற்குச் சரியான விடை எது? யாரைக் கேட்பது?

"நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் கத்துவோம்" என்று முடிவு செய்தாள். "கீழேதான் மோப்பி இருக்காளே. நிஜமாவே சிறுத்தைன்னா அவ மூக்குக்குத் தெரியாமலா போகும்?"

அன்றைக்கு அவள் கத்தவே இல்லை. மான்கள் வயிறாரக் குடித்தன. "இப்பத்தான் பிள்ளைக்கு வேலை புரிஞ்சிருக்கு!" என்றது கவைக்கொம்பன்.

பதுங்கனும் அதையேதான் சொன்னது!

வீட்டுக்குப் போனால் அம்மா ஆசையாக வந்து உட்காருவாள். "வேலை எப்படிம்மா போகுது?"

"நல்லாப் போகுதும்மா."

"உன்கூடப் படிச்ச செங்காந்தி மேற்கு மரத்துல இருக்காளாம். ஒரு குறை சொல்ல முடியலையாம். நீ அவளைவிட ரெண்டு மார்க் கூட வாங்கினவளாச்சே!"

"ஆமாம்மா."

"ஏன் சாப்பிடவே மாட்டேங்கிற?"

"அங்கேயே சாப்பிட்டேன்மா."

எங்கே சாப்பிட்டாள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அம்மாவிடம் சொல்லி அழ வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். வாய் திறந்தால், அம்மா இத்தனை மரத்தில் சொல்லி வைத்த பெருமையெல்லாம் என்ன ஆகும் என்ற நினைப்பும் கூடவே வரும். விழுங்கிவிடுவாள். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு அழுகையே வருகிறது.

இங்கே இப்படி என்றால், கீழே நடந்தது இன்னும் மோசம்.

நான்காம் நாள் சாயங்காலம் ஒரு மழை பெய்தது. மோப்பி நனைந்துவிட்டாள். மறுநாள் காலையில் மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டன. சிறுத்தை வாசம் என்ன, தன் காலடியில் கிடந்த அழுகல் பழத்தின் வாசம்கூட அவளுக்கு வரவில்லை. தலைவனிடம் சொல்லலாம் என்று ஓரடி எடுத்து வைத்தாள். அப்போதுதான் மரத்தடியில் கவைக்கொம்பன் கூர்விழியைத் திட்டிய திட்டு ஞாபகம் வந்தது. வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மூக்கடைப்பு என்று போய் நின்றால் என்ன சொல்வார்கள்? "குட்டிகளோட போய் நில்லு" என்று நடுவில் தள்ளிவிடுவார்கள். மானம் போய்விடும்.

எடுத்து வைத்த காலைத் திருப்பி வைத்துவிட்டாள்.

"மேலேதான் கூர்விழி இருக்காளே" என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். "முதல் ரேங்க் வாங்கின கண்ணு. அவ பார்த்துக்குவா."

மேலே இருந்தவள் கீழே இருந்தவளை நம்பினாள். கீழே இருந்தவள் மேலே இருந்தவளை நம்பினாள். நடுவில் முப்பது மான்கள் இரண்டு பேரையும் நம்பித் தலை குனிந்து தண்ணீர் குடித்தன. அந்தக் கோரைக்குட்டையில் அப்போது கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை!

இது தெரிந்த ஒரே ஆள் பதுங்கன்.

ஆறாம் நாள் அது வேண்டுமென்றே ஒரு கோரைத் தண்டை மிதித்து முறித்தது. மேலே சத்தமில்லை. ஏழாம் நாள் திடீரென்று காற்று திசை மாறியது. பதுங்கனின் வாடை நேராக மோப்பியின் முகத்தில் போய் மோதியது. "போச்சு, மாட்டிக்கிட்டோம்!" என்று பதுங்கன் மூச்சை அடக்கிக்கொண்டது. மோப்பி காதைக்கூட அசைக்கவில்லை.

"அடடே! மூக்கும் அவுட்டா!" பதுங்கனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு அந்தக் குட்டி. பிஞ்சுக் கறி. கரையோரமாவே நிக்குது."

எட்டாம் நாள் வெயில் சாய்ந்த நேரம். மான்கள் இறங்கின. தாழை முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டு வந்து, கூட்டத்துக்கு ஒதுக்கமாக, எதிர்க்கரைக் கோரை வளைந்து வந்து முடியும் ஓரமாக நின்றாள். பக்கத்தில் எள்ளு. அதற்குத் தண்ணீர் குடிக்கவே தெரியாது, தண்ணீரில் மூக்கை விட்டுக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

கூர்விழி பார்த்தாள். கோரைப்புல்லில் ஒரு கொத்து மட்டும் சாய்ந்தது. காற்று கிழக்கே போகிறது. அந்தக் கொத்து மேற்கே சாய்கிறது. நிமிர்ந்தது. அதற்கு முன்னால் இருந்த கொத்து சாய்ந்தது. பிறகு அதற்கும் முன்னால் இருந்தது.

குட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது!

 வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. புள்ளி தெரிகிறதா? வெயிலில் கண் கூசுகிறது. நிழலா, தோலா? கத்தி, ஒன்றும் இல்லாமல் போனால்? தாழையின் கால் இன்னும் ஆறவில்லை. இந்தத் தடவை ஓடினால் கால் போய்விடும். எல்லோரும் மறுபடி அண்ணாந்து பார்ப்பார்கள். கத்தாமல் இருந்து, ஏதாவது இருந்துவிட்டால்?

"மோப்பி என்ன செய்யறா பார்ப்போம்" என்று கீழே பார்த்தாள்.

மோப்பி அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்!

காற்றைப் பார்க்க வேண்டியவள் மரத்தைப் பார்க்கிறாள். மூக்கு நுனியில் நீர் ஒழுகுகிறது. கண் இரண்டும் பயந்து விரிந்து கிடக்கின்றன. அது யாருடைய பயம் என்று கூர்விழிக்கு உடனே தெரிந்துவிட்டது. நாலு நாளாக அவள் தண்ணீரில் பார்த்த தன் முகமும் இப்படித்தானே இருந்தது!

அவ்வளவுதான். அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. "கெக்" என்று கத்தவில்லை அவள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தராத ஒன்றைக் கத்தினாள்.

"மோப்பி! எனக்குத் தெரியலடி! அந்தக் கோரையில என்னவோ வருது! சிறுத்தையா என்னன்னு எனக்குத் தெரியல! உனக்கு வாசம் வருதா, சொல்லு!"

"எனக்கும் தெரியலடி!" என்று மோப்பி அலறினாள். "நாலு நாளா மூக்கு அடைச்சுக் கிடக்கு! ஒரு வாசமும் வரலை! நீ பார்ப்பேன்னுதானே நான் சும்மா இருந்தேன்!"

"ஐயோ! நீ மோப்பேன்னுதானே நான் சும்மா இருந்தேன்!"

முப்பது தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. கவைக்கொம்பனின் வாயிலிருந்த தண்ணீர் அப்படியே கொட்டியது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை! அதைவிட வேறு என்ன அபாயம் வேண்டும்?

"ஓடுங்க!"

தாழை நொண்டிக் காலோடு எள்ளுவை முட்டித் தள்ளினாள். குட்டி தடுமாறிக் கரையேறியது. அதே நொடியில் கோரை இரண்டாகப் பிளந்தது. மஞ்சளாக ஒன்று பாய்ந்தது. எள்ளு குமிழி விட்டுக்கொண்டிருந்த இடத்தில் பதுங்கன் தொப்பென்று விழுந்தது. அதன் நகத்தில் சிக்கியது ஒரு பிடி சேறு.

"சிறுத்தை! சிறுத்தை! கெக்! கெக்! கெக்!" இப்போது கூர்விழிக்குக் குரல் தாராளமாக வந்தது.

பதுங்கன் சேற்றில் நின்றபடி மரத்தை முறைத்தது. "எல்லாத்தையும் கணக்குப் போட்டேனே! முதல் ரேங்க் வாங்கின பிள்ளை 'தெரியலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லும்னு கனவுலகூட நினைக்கலையே!"

பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு மேற்கே நடந்தது. மேற்கு மரத்தில் செங்காந்தி இருக்கிறாள். அது அவள் பாடு.

மான்கள் திரும்பி வர வெகு நேரமாயிற்று.  பயத்தை மறைக்கக் கவைக்கொம்பன் கத்தியது. "நாலு நாள்! நாலு நாளா கண்ணும் மூக்கும் இல்லாம தண்ணி குடிச்சிருக்கோம்! ரெண்டும் சேர்ந்து எங்க கழுத்தை அறுக்கப் பார்த்துதே! ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

இரண்டு பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டன. தப்பு அவர்களுடையதும்தானே.

அப்போது தாழை நொண்டிக்கொண்டு முன்னால் வந்தாள். எள்ளுவை ஒரு நிமிஷம் நக்கினாள். பிறகு தலைவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாய் இருந்துது, தலைவரே. மூணு நாள் கத்தி முடிச்சதும் நாமதான் அடைச்சோம்."

"நான் என்ன..."

"ஏட்டுச் சுரைக்காய்னு நீங்க சொன்னீங்க. நானும் சிரிச்சேன். என் கால்ல முள்ளு கிழிச்சுதுன்னு எனக்குக் கோபம். பத்துத் தடவை வீணா ஓடினா கால் வலிக்கும், அவ்வளவுதான். ஒரு தடவை ஓடாம நின்னிருந்தா இன்னிக்கு என் பிள்ளை இல்லை!"

 கவைக்கொம்பன் கொம்பை மரத்தில் இரண்டு தடவை தேய்த்தது. தலைவர்களுக்கு மன்னிப்புக் கேட்க வராது, எதையாவது தேய்ப்பார்கள்.

கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னது: "இனிமே இப்படி வெச்சுக்குவோம். சிறுத்தைன்னு தெரிஞ்சா மூணு கெக். என்னன்னு தெரியலைன்னா ஒரே ஒரு கெக். ஒண்ணு கேட்டா நாங்க ஓட மாட்டோம், குடிக்கிறதை நிறுத்திட்டுத் தலையை நிமிர்த்திப் பார்ப்போம். மூக்கு அடைச்சா மோப்பி உடனே சொல்லணும், வேற ஆள் வந்து நிக்கும். யாரும் யாரையும் திட்டக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "நான் உட்பட" என்று வாய்க்குள் முனகியது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். "வேலை எப்படிம்மா போகுது?"

கூர்விழி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கஷ்டமா இருக்கும்மா, பயமா இருக்கும்மா" என்று அழுதாள். முழுக் கதையையும் சொன்னாள். அம்மாவுக்கு முதலில் திக்கென்றது. பிறகு மகளின் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தாள். ரேங்க், மார்க், செங்காந்தி எதுவும் அவள் வாயில் வரவில்லை. "ரெண்டு கொழுந்து தின்னுடி" என்று மட்டும் சொன்னாள். கூர்விழி நாலு தின்றாள்.

மறுநாளே பயம் ஓடிப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.  உள்ளங்கை வேர்க்கத்தான் செய்தது. அன்றைக்கு மட்டும் ஐந்து தடவை ஒற்றைக் கெக் கத்தினாள். ஐந்து தடவையும் மான்கள் தலை நிமிர்ந்தன. இரண்டு தடவை உடும்பு, ஒரு தடவை கானாங்கோழி, இரண்டு தடவை ஒன்றுமே இல்லை.

ஐந்தாம் தடவை முடிந்ததும் மோப்பி கீழே இருந்து கத்தினாள். "ஏய் கூர்விழி! இப்பவும் ஒண்ணுமில்லைடி!"

"தெரியும்டி! இப்பத்தான் தெரிஞ்சுது!" என்றாள் கூர்விழி.

கவைக்கொம்பன் உட்பட எல்லா மான்களும் மறுபடி குனிந்து தண்ணீர் குடித்தன. எள்ளுவும் அன்றைக்குத்தான் முதல் வாய் குடித்தது.

புது வேலையில் பயப்படுவது குற்றமில்லை, தெரியாததைத் தெரியவில்லை என்று கூட இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் மூடி வைப்பதுதான் நம்மையும் நம்மை நம்பியவர்களையும் சேர்த்துக் கவிழ்க்கும்.